போகாதீங்க மிஸ்

அந்தப் பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியைக்குப் பசை மேடம் என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஆசிரியர் அறையில், மாடிப்படியில், பேருந்து நிறுத்தத்தில், எங்கும் பசைதான். வேலையை விட்டுப் போகிறேன் என்று வருகிறவர்களை அந்த அம்மாள் அப்படி ஒட்டவைத்துவிடுவார். பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வெளியே முறைத்துக்கொண்டாலும் உள்ளூரப் பெருமைதான். வேறு யாருக்கு வரும் இந்தக் கைராசி?

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. சம்பளப் பேச்சையே எடுக்க மாட்டார். அது தாளாளர் கையில் இருந்தது, அந்தக் கை இறுக மூடியே இருந்தது. மேடத்தின் கையில் இருந்ததெல்லாம் தண்ணீர் சுடவைக்கிற ஒரு கெட்டில், பூப்போட்ட இரண்டு கோப்பைகள், வகுப்பு அட்டவணை, அவ்வளவுதான். போகிறேன் என்று வந்தவரை உட்காரவைத்துத் தன் கையாலேயே டீ போட்டுக் கொடுப்பார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது, குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று ஆரம்பிப்பார். டீ பாதி இறங்குவதற்குள் வந்தவருக்குக் கண் கலங்கிவிடும். அப்போது அட்டவணையைக் கையில் எடுப்பார்.

"இந்தக் கடைசி பீரியடை உங்ககிட்டேருந்து எடுத்துடறேன். நேரத்தோட வீட்டுக்குப் போங்க. பிள்ளைக்குப் பசிக்குமில்ல?"

எடுத்த கடைசி பீரியட் இன்னொருவர் தலையில் விழும். கொஞ்ச நாளில் அவர் டீ குடிக்க வருவார். இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

டீக்கு மசியாதவர்களும் உண்டு. அவர்களுக்கு அழுகை.

அது தானாக ஆரம்பித்ததுதான். வரலாறு எடுத்தவர் வேலையை விட்டுக் கிளம்பிய நாள், பிள்ளைகள் அவரை வாசலில் வளைத்துக்கொண்டு அழுதார்கள். "போகாதீங்க சார், போகாதீங்க சார்" என்று ஒரே கூச்சல். கல்லு மாதிரி மனுஷன், பையைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். மாடி வராந்தாவில் நின்றிருந்த எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பசை மேடம் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் யாராவது பிடிவாதம் பிடித்தால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து இரண்டு பெண்களுக்கு அழைப்பு வரும். ஒருத்தி ரெட்டைச் சடை, இன்னொருத்தி கண்ணாடி. "உங்க மிஸ் போறாங்களாமே. வருத்தமா இல்லையா? வருத்தம் இருந்தா மனசுக்குள்ள பூட்டி வைக்கக் கூடாதும்மா, போய்ச் சொல்லணும்" என்பார் மேடம். அது போதும். ரெட்டைச் சடை நினைத்த நேரத்தில் அழுவாள். அவள் ஆரம்பித்தால் மற்ற பிள்ளைகளையும் அழுகை தொற்றிக்கொள்ளும்.

ஆசிரியர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். யாராவது போவதாகப் பேச்சு அடிபட்டால் "இன்னைக்கு மழை உண்டா?" என்று கேலி செய்துகொள்வார்கள். தெரிந்தும் மாட்டிக்கொண்டார்கள் என்பதுதான் வேடிக்கை. ஓவிய மாஸ்டர் ஒருமுறை சொன்னார்: "ஏற்பாடுன்னு தெரியும்யா. ஆனா பிள்ளை என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு அழுதா சட்டை ஈரமாகுதே, நான் என்ன பண்ண?"

தாளாளருக்கு இந்தச் சின்ன வித்தையெல்லாம் முதலில் புரியவில்லை. ஊழியர்களைப் பிடித்து வைப்பது எப்படி என்று சொல்லித்தர எங்கிருந்தோ ஒரு நிபுணரைக் கூட்டிவந்தார். கழுத்துப்பட்டி கட்டிய அந்த நிபுணர், ஆளுக்கொரு பலூன் கொடுத்து, மனக்குறையை அதில் எழுதி, அதன்மேல் உட்கார்ந்து உடைக்கச் சொன்னார். எல்லாம் பட்பட்டென்று உடைந்தன. விளையாட்டு மாஸ்டரின் பலூன் மட்டும் அவருக்கடியில் நசுங்கி நசுங்கி வெளியே வந்தது. "என் குறை மட்டும் உடைய மாட்டேங்குது சார்" என்றார் அவர். அந்த மாதமே அவர் போய்விட்டார். கூடவே இரண்டு அறிவியல் ஆசிரியர்களும். "நிபுணரும் வேணாம், பலூனும் வேணாம். நீங்களே போதும் மேடம்" என்று தாளாளர் சொன்ன அன்று, பசை மேடத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேடத்தின் மருமகள் அந்தப் பள்ளிக்கு முதலில் அறிவியல் டீச்சராகத்தான் வந்தாள். மருமகள் ஆனது பிறகு.

அவள் வகுப்பு என்றால் வகுப்பு மாதிரியே இருக்காது. கல்லையும் காகித உருண்டையையும் மாடிப்படியிலிருந்து போட்டு எது முதலில் விழுகிறது என்று பந்தயம் கட்டுவாள். பாதி வகுப்பு ஒரு கட்சி, பாதி எதிர்க்கட்சி. சண்டை, சிரிப்பு, கைதட்டல். பக்கத்து அறைக் கணக்கு சார் வாசலுக்கு வந்து நின்று, "அங்க பாடம் நடக்குதா, சந்தை நடக்குதா?" என்பார். ஒருமுறை புகாரை எடுத்துக்கொண்டு மேடத்திடமே வந்துவிட்டார்.

"சார், அது படிக்கிற சத்தம்" என்று மேடம்தான் அவரைத் திருப்பி அனுப்பினார். "விளையாடற சத்தத்துக்கும் அதுக்கும் வித்தியாசம் இருக்கு. இத்தனை வருஷ சர்வீஸ்ல அது கூடவா எனக்குத் தெரியாது?"

அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய், தன் மகனுக்கே பேசி முடித்தார். கல்யாணப் பந்தியில் ஓவிய மாஸ்டர் சும்மா இருப்பாரா? "நல்ல டீச்சர் கைவிட்டுப் போயிடக் கூடாதுன்னு மகனையே குடுத்து ஒட்டிட்டாங்கப்பா!" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். மணப்பெண்ணும் சிரித்தாள்.

கல்யாணம் ஆன கையோடு மகனுக்கு வேலை தூரத்து ஊருக்கு மாறியது. பாலம் கட்டுகிற கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கள்கிழமை விடியுமுன் ஓடுவான். வீட்டில் மாமனார், மாமியார், மருமகள். மாமனார் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சமையல் இப்போது அவர் பொறுப்பு. நேரம் மட்டும் தப்பாது, உப்பு தப்பும்.

ஒரு மாலை அடுப்படியில் மாமனார் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். மருமகள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, அவர் இருக்கிற ஊர்ல ஒரு ஸ்கூல்ல ஆள் எடுக்கிறாங்க. போய் மாதிரிப் பாடம் எடுத்துட்டு வந்தேன். பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க. இங்க விசாரிச்சுட்டு முடிவு சொல்லுவாங்களாம்."

"எப்பம்மா போனே?"

"போன வாரம் லீவு போட்டேனே, அன்னைக்கு. முதல்ல நிச்சயமாகட்டும்னு இருந்தேன். ஆனா உங்ககிட்ட மறைச்சு ஒண்ணு செய்யறது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நீங்க வேணாம்னா சொல்லுங்க அத்தை, விட்டுடறேன்."

"அடி போடி, நான் ஏன் வேணாங்கப் போறேன்? புருஷனும் பொண்டாட்டியும் ஒரு கூரைக்குக் கீழ இருக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்."

அதைச் சொல்லும்போது மேடம் மனசாரத்தான் சொன்னார். அதையும் சொல்லியாக வேண்டும். மாமனார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அடுத்த வருஷம் நான் பேரப்பிள்ளைக்கும் சேர்த்து உப்புப் பார்க்கணுமா?" என்றார். மருமகள் வெட்கப்பட்டு மடித்த துணியையே திரும்ப மடித்தாள்.

மறுநாள் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார். செய்தி எப்படித்தான் போகுமோ தெரியாது.

"பத்தாங்கிளாஸுக்குப் பொதுத்தேர்வு. ரெண்டு சயின்ஸ் டீச்சர் ஏற்கெனவே போயாச்சு. இப்ப உங்க மருமகளும் போறாங்களாமே?" அவர் குரலில் கோபம்கூட இல்லை, சிரிப்புதான் இருந்தது. "ஊர்ல இருக்கிற ஆளையெல்லாம் ஒட்டறீங்க, உங்க வீட்டுக்குள்ளயே ஓட்டையா மேடம்?"

அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது போய் எங்கேயோ தைத்துவிட்டது. அன்று முழுக்க மேடத்துக்கு டீ இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, முற்பகலில், அந்த ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் தொலைபேசியில் வந்தார். மென்மையான குரல். மருமகளின் பெயரைச் சொல்லி விசாரித்தார். அவள் தன் மருமகள் என்பதை மேடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாடம் ரொம்ப நல்லாத் தெரிஞ்சிருக்கு மேடம். கிளாஸை எப்படிக் கொண்டுபோவாங்க? எங்க பிள்ளைங்க கொஞ்சம் வால்தனம் பண்ணும், அதான் கேக்கறேன்."

அந்த நேரம் பார்த்து முற்றத்துக்கு அந்தப் பக்கம், மருமகளின் வகுப்பிலிருந்து ஓவென்று ஒரு சத்தம் எழும்பியது. ஏதோ பந்தயம் முடிந்திருக்க வேண்டும். அது என்ன சத்தம் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் மற்ற யாரையும்விட மேடத்துக்கு நன்றாகத் தெரியும்.

"நல்ல பொண்ணு சார். பாடத்துல குறை சொல்ல முடியாது" என்றார். பிறகு கொஞ்சம் இழுத்தார். "கிளாஸ்தான்… அடங்காது. பிள்ளைங்க கைமீறிப் போயிடறாங்க. இன்னும் கொஞ்சம் அனுபவம் வந்தா சரியாயிடுவாங்க."

"வெளிப்படையாச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி மேடம்."

போனை வைத்தபின் மேடம் மேசையைத் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை. பொதுத்தேர்வு முடியட்டும், நானே பெட்டி கட்டி அனுப்பிவைக்கிறேன், என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முழுப் பொய்யா சொன்னோம்? சத்தம் இருந்தது உண்மைதானே? இப்படி ஒரு சமாதானம் கிடைத்துவிட்டால் மனுஷனுக்கு மத்தியானச் சோறும் இறங்கிவிடுகிறது.

அந்த வாரக் கடைசியில் மருமகள் வீட்டுக்குள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வேலை கிடைக்கல அத்தை."

"ஐயோ! ஏம்மா?"

அந்த ஐயோ அவ்வளவு இயல்பாக வந்தது. மேடத்துக்கே தூக்கிவாரிப் போட்டது.

"நானே போன் பண்ணிக் கேட்டேன். பாவம், அவர் சொல்லத் தயங்கினார். நான் விடல. என் கிளாஸ் அடங்காதாம். நம்ம ஸ்கூல்லயே விசாரிச்சிருக்காங்க."

மாமனார் கரண்டியோடு வந்துவிட்டார். "எந்தப் புண்ணியவான் சொன்னது? கணக்கு வாத்தியாராத்தான் இருக்கும். அந்த ஆளுக்கு வயிறு முழுக்க எரிச்சல். ஏன்டி, நீ அங்க என்னத்துக்கு இருக்கே? நாளைக்கே அவனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேளு!"

"கேக்கறேன்" என்றார் மேடம்.

"வேணாம் அத்தை" என்றாள் மருமகள். "யார் சொன்னா என்ன? இருக்கறதைத்தானே சொல்லியிருக்காங்க. சத்தம் இருக்குதுதானே."

மறுநாள் அவளே கணக்கு சாரிடம் போய், "என் கிளாஸ் சத்தம் உங்களுக்கு இத்தனை நாள் தொந்தரவா இருந்திருக்கு சார், மனசுல வச்சுக்காதீங்க" என்று மன்னிப்புக் கேட்டாள். அந்த மனுஷன் திருதிருவென்று விழித்தார். மேடம் அதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போய் ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நேரமாகும்? கால் வரவில்லை.

அன்றிலிருந்து மருமகளின் வகுப்பில் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. வெயில் கொளுத்தினாலும் திறப்பதில்லை, சத்தம் வெளியே போய்விடுமாம். மேசைமேல் ஒரு மரத்துண்டு வந்தது. யாராவது வாயைத் திறந்தால் அதனால் மேசையைத் தட்டினாள். மாடிப்படிப் பந்தயம் நின்றது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவளுக்குக் குரல் கட்டியிருக்கும். மாமனார் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுப்பார். "இதுலயும் உப்பு அதிகம்தான் மாமா" என்று அவள் சிரிக்கப் பார்ப்பாள். சிரிப்பு வராது.

ஞாயிற்றுக்கிழமை மகனால் வர முடியவில்லை, போனில் பேசினான். "அம்மா, அவ தினமும் அழறாம்மா. தனக்கு ஒண்ணும் தெரியலங்கறா. நீ பக்கத்துலயே இருக்கறதால எனக்கு ஒரு தைரியம். கொஞ்சம் பார்த்துக்கம்மா."

"நான் பார்த்துக்கறேன்ப்பா, நீ கவலைப்படாதே" என்றார். அந்த வார்த்தை நாக்கில் கசந்தது.

தாளாளர் ஒருநாள் வராந்தாவில் நடந்து வந்தவர், அந்த வகுப்பின் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டார். உள்ளே சத்தமே இல்லை. "இப்பத்தான் மேடம் ஸ்கூல் மாதிரி இருக்கு" என்றார்.

அந்த நாட்களில்தான் மருமகள் அதைக் கேட்டாள். காலையில் இருவரும் ஒரு குடைக்குள் ஒட்டி நடந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, ஒரு உதவி. இன்னைக்கு என் கிளாஸ்ல வந்து பின்னாடி உக்காந்து பார்க்கறீங்களா? எங்க தப்புப் பண்றேன்னு எனக்கே புரியல. வேற யாரைக் கேட்டாலும் வெளிய போய்ப் பேசுவாங்க. உங்களைத்தான் நான் நம்பிக் கேக்க முடியும்."

குடையைப் பிடித்திருந்த மேடத்தின் கை ஒருபக்கம் சாய்ந்து, அவள் தோள் நனைந்தது. "சரிம்மா" என்றார்.

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வராந்தாவின் தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. மருமகள் கரும்பலகையில் எழுதினாள், பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். எழுதினாள், எழுதினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரெட்டைச் சடை மட்டும் சாத்தியிருந்த ஜன்னல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தவள், தன்னை மறந்து கேட்டுவிட்டாள்.

"மிஸ், மழைத்துளி கண்ணாடில இறங்கும்போது ஏன் நேராப் போகாம வளைஞ்சு வளைஞ்சு போகுது?"

பழைய ஆளாக இருந்தால் அந்தக் கேள்விக்கு வகுப்பையே வராந்தாவுக்கு அள்ளிக்கொண்டு போயிருப்பாள். ஆளுக்கொரு துளியைப் பந்தயம் விடச் சொல்லியிருப்பாள். மேடத்துக்கு அந்தச் சத்தம் காதிலேயே கேட்டது. மருமகளின் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரத்தான் வந்தது. உடனே அவள் கண் பின் பெஞ்சுக்கு ஓடி, மாமியாரைப் பார்த்தது. வெளிச்சம் அணைந்துவிட்டது. மரத்துண்டால் மேசையைத் தட்டினாள்.

"பாடத்துல இல்லாததைக் கேக்காதே. உக்காரு."

மேடத்துக்கு அந்தப் பெஞ்சிலேயே கூனிக் குறுகிப் போயிற்று. இத்தனை நாள் ஒரு பெண்ணை ஊருக்குப் போகவிடாமல் நிறுத்தியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். யாரை நிறுத்தினார்? அந்த டீச்சர் எப்போதோ போய்விட்டாள்.

மணி அடித்ததும் மருமகள் ஓடிவந்தாள். மதிப்பெண் கேட்கிற குழந்தை மாதிரி முகம். "எப்படி இருந்தது அத்தை? இன்னைக்கு அடங்கித்தானே இருந்தாங்க?"

"நல்லா இருந்ததும்மா" என்றார் மேடம். அது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிட அது கனத்தது.

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. மாமனார் சோறு வடித்துக்கொண்டிருந்தார். மருமகள் வந்து மாமியாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் வேலையை விட்டுடறேன். வேற ஸ்கூலுக்கு இல்ல. டீச்சர் வேலையே வேணாம். அவர் ஊர்ல ஒரு துணிக்கடையில கணக்கு எழுத ஆள் வேணுமாம். போய் அதைப் பார்க்கறேன். எனக்கு இது வரல அத்தை. நீங்க ஆசைப்பட்டுக் கொண்டாந்தீங்க, உங்க பேரைத்தான் கெடுத்துட்டேன்."

பசை மேடத்துக்கு வாயில் வார்த்தைக்குப் பஞ்சமா? எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒரு டீ குடிம்மா. கடைசி பீரியடை எடுத்துடறேன். பிள்ளைங்க முகத்தை நினைச்சுப் பாரு. ஒவ்வொன்றையும் உள்ளுக்குள்ளேயே புரட்டிப் பார்த்தார், ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. அவளை நிறுத்த ஒரே ஒரு பேச்சுதான் மிச்சமிருந்தது.

"உனக்கு வரலன்னு யார் சொன்னது? உன் கிளாஸ் மாதிரி ஒரு கிளாஸை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல."

"நீங்க என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க."

"இல்லம்மா. அந்த ஸ்கூல்காரர் போன் பண்ணினப்ப எடுத்தது நான்தான். அடங்காதுன்னு சொன்னதும் நான்தான்."

அடுப்படியில் கரண்டி சத்தம் நின்றது.

மருமகள் சண்டை போடுவாள், கத்துவாள் என்று மேடம் எதிர்பார்த்தார். அப்படிச் செய்திருந்தால் தேவலை. அவள் மெதுவாக ஒன்றுதான் கேட்டாள்.

"இன்னைக்கு மழையில பின் பெஞ்சுல வந்து உக்காந்தீங்களே. அப்பவும் இது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"கணக்கு சார்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டப்ப?"

"தெரியும்மா. ஜன்னல்ல நின்னு பார்த்தேன்."

 மருமகள் தலையைத் தூக்கினாள்.

"அப்ப கல்யாணமும் அதுக்குத்தானா அத்தை? மாஸ்டர் பந்தியில சொன்னாரே."

"ஐயையோ! இல்லம்மா! என் பிள்ளை மேல சத்தியமா இல்ல! உன்னைப் பிடிச்சுப்போய்…" மேடம் பதறி எழுந்தார். அது உண்மை. நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அந்த உண்மை தன் வாயிலிருந்து வரும்போது பொய் மாதிரியே ஒலிப்பதை அவரே காதால் கேட்டார். வார்த்தையை முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

மாமனார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் மனைவியை ஒரு சொல் கடிந்து பேசாத மனுஷன். அன்றும் கடியவில்லை. "அந்த வாத்தியாரைத் திட்டினேனே. நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தியேடி" என்றார். அவ்வளவுதான். அதற்கு அவர் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

மேடம் அப்போதே போனை எடுத்து, அந்தத் தலைமையாசிரியரைப் பிடித்தார். அவர்கள் முன்னாலேயே பேசினார்.

"சார், அன்னைக்கு நான் சொன்னது பொய். அவங்களைப் போகவிடக் கூடாதுன்னு சொன்னது. அவங்களை மாதிரி டீச்சர் கிடைக்க மாட்டாங்க. அவ என் மருமக சார்."

 அதே மென்மையான குரல் வந்தது. "மேடம், அன்னைக்கு இதை நீங்க சொல்லலையே. இப்ப மருமகள்னு சொல்லிட்டு நல்லவங்கன்னு சொன்னா, எதை நான் நம்பறது? தப்பா எடுத்துக்காதீங்க. அந்த இடத்துக்கு வேற ஆளும் போட்டாச்சு."

மேடம் போனை வைத்தார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், உப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"டீச்சர் வேலையை மட்டும் விட்டுடாதேம்மா" என்றார் மேடம் கடைசியில், தட்டைப் பார்த்துக்கொண்டே. "என்னை என்ன வேணா செய்."

"நீங்க சொன்னது பொய்னு இப்பத் தெரியுது அத்தை. ஆனா கிளாஸ்ல சத்தம் வந்தா எனக்குப் பயம் வருது. சத்தம் வராட்டியும் பயம் வருது. அதை எங்க போய் விடறது?" அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் போறேன். பிள்ளைங்களுக்கு இந்தப் பாடத்தை முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

மேடம் மறுநாள் கணக்கு சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "அட, அதுக்கா அந்தப் பொண்ணு மன்னிப்புக் கேட்டுது!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். மேடம் தாளாளரிடமும் சொன்னார். அவருக்கு அதில் என்ன தப்பு என்றே விளங்கவில்லை. "நம்ம ஸ்கூலுக்காகத்தானே மேடம் செஞ்சீங்க?" என்றார். "சரி, போறவங்களை நிறுத்த வேற வழி பாருங்க. அந்தப் பிள்ளைங்களைக் கூப்பிடுங்களேன்." மேடம் வெளியே வந்துவிட்டார். அவமானத்தில் பங்கு கேட்கக்கூட அங்கே ஆளில்லை.

மருமகளின் கடைசி நாள் வந்தது. மத்தியான இடைவேளை. முற்றம் ஈரமாக இருந்தது. மேடம் தன் அறையில் கெட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். கதவருகே நிழல் தெரிந்தது. ரெட்டைச் சடையும் கண்ணாடியும்.

"உள்ள வரலாமா மேடம்?"

"வாங்கம்மா."

இருவரும் வந்து நின்றார்கள். கண்ணாடிதான் ஆரம்பித்தாள். "எங்க மிஸ் இன்னைக்குப் போறாங்களாமே மேடம். நீங்க எங்களைக் கூப்பிடவே இல்லையே. நாங்க எப்ப போய் அழணும்?"

மேடம் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். அந்தப் பிள்ளை கேலி செய்யவில்லை. பிரார்த்தனைக்கு எப்போது மணி என்று கேட்கிற மாதிரிதான் கேட்டது. அதுதான் தாங்கவில்லை.

"வேணாம்மா. யாரும் அழ வேணாம். இனிமே எப்பவும் வேணாம். நான் உங்களை அப்படி அனுப்பினதே தப்பு."

இருவரும் போகவில்லை. ரெட்டைச் சடை மூக்கை உறிஞ்சினாள். நினைத்த நேரத்தில் அழுகிறவள் இப்போது அழாமல் இருக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கோணியது.

"இல்ல மேடம், இந்தத் தடவை எனக்கு நெஜமாவே வருது. காலையிலேருந்து வருது. அடக்கிப் பார்த்தேன், முடியல."

 மேடம் அவள் தலையைத் தொட்டார். "அப்ப போ, கண்ணு. போய் உங்க மிஸ்கிட்டயே அழு. நான் அனுப்பலைன்னு மட்டும் சொல்லிடு."

ரெட்டைச் சடை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னா நம்புவாங்களா, மேடம்?"

முற்றத்துக்கு அந்தப் பக்கம் வகுப்பின் ஜன்னல்கள் இன்னும் சாத்தியே இருந்தன. உள்ளே மருமகள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது.   பிள்ளைகள் இருவரும் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்கள்.